இழுவை இல்லை என்று வந்த கார்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று, நீங்கள் வாங்கி வந்த கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு நிற்கையில் உங்களில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், இத்தனை வருசத்தில நீங்கள் செய்த பெரிய வேலை எது?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பெரிய பிழை எது என்று கேட்டிருந்தால் யோசிக்காமலே சொல்லியிருப்பேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை உங்களுக்குத் தொழிற்பள்ளியில் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சுவிஸில், இந்தச் சோலோதுர்ன் கராஜுக்கு நான் வந்தது டயர் மாற்ற. அதற்கு முன் ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் தரை கழுவினேன். குளிர்கால டயர் பூட்டும் வாரங்களில் ஆள் போதாமல் என்னை எடுத்தார்கள். வேலை முடிந்த பிறகு வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஷெஃப் என்று கூப்பிட்ட முதலாளிக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் பைத்தியம். மற்ற மெக்கானிக்குகள் கொம்பியூட்டரைச் செருகிப் பிழையை வாசித்துப் பழகியவர்கள். அந்தக் கார்களிலோ செருகுவதற்கு இடமே கிடையாது. காதாலும் மூக்காலும் விரல் நுனியாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. சில வருடங்களில் பக்கத்து மாநிலங்களில் இருந்தும் கார்கள் வந்தன. "அந்தத் தமிழரிட்டக் குடு, சத்தத்தைக் கேட்டே சொல்லிப்போடுவார்" என்று ஒரு பெயர் வந்துவிட்டது. என்னைக் கவிழ்த்தது அந்தப் பெயர்தான்.

ஒரு வசந்தகாலத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் வந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, கட்டில் அளவு நீளமான பொனட். அறுபதுகளின் கடைசியில் பிறந்தது. ஓட்டி வந்தது ரூத் என்ற பெண்மணி. தபால் விநியோகித்து ஓய்வு பெற்றவர். மறுபக்கக் கதவைத் திறந்து அவருடைய கணவர் வால்டர் இறங்கினார். இறங்கியவர் காரை விட்டுக் கையை எடுக்காமல், பொனட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பாகம் வெட்டுகிற அச்சுக்கருவிகள் செய்தவர். ஒரு நோயில் இரண்டு கண்ணும் போய் ஐந்து வருடமாகியிருந்தது. அவர்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். நான் எனக்குக் கேட்ட மாதிரி, என்ர தமிழில் எழுதுகிறேன்.

"இழுவை இல்லை," என்றார் வால்டர். "முந்தி அக்சிலேட்டரை மிதிச்சால் சீற் என்ர முதுகைத் தள்ளும். இப்ப சத்தம் மட்டும்தான் வருது."

ஜூனில் அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள். கல்யாணம் முடித்த வருடம் வாங்கிய கார் அது. அன்றைக்கு வெய்சன்ஸ்டைன் மலையில் ஏறி மேலே சாப்பிட வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். கணவர் கொஞ்சம் தள்ளி நின்றபோது ரூத் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு இனி மலையைப் பாக்க ஏலாது. கார் ஏறுறதை முதுகால எண்டாலும் உணரட்டும்."

நான் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "முந்தி இருந்ததைவிடக் கூடத் தருவன்," என்றேன்.

அன்று பின்னேரம் ஷெஃப் கேட்டார்: "இப்ப எவ்வளவு இருக்கெண்டு அளந்து பாத்தனியோ?"

"கேட்டுப் பாத்தனான்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நம்பிக்கைக்கு நான் அன்று தகுதியானவன் இல்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்பரேட்டர், பெரியதாக ஒன்று, அமெரிக்காவில் இருந்து எடுப்பித்தேன். வால்வுகளைக் கூடுதலாகவும் கூடுதல் நேரத்துக்கும் திறந்து வைக்கிற, பந்தயக் கார்களுக்குப் போடுகிற கேம் ஷாஃப்ட் ஒன்று. புகை தடையில்லாமல் போக நீளமான குழாய்கள். எட்டு வாரம் மற்ற வேலைகளுக்கு நடுவே செய்தேன். ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தேன்: கழற்றிய பழைய பாகம் எதையும் எறியவில்லை. வால்வுகளை உந்துகிற பதினாறு டப்பெட்டுகளையும் முட்டைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, எது எந்தத் துளையில் இருந்தது என்று இலக்கம் எழுதி வைத்தேன். அது கெட்டித்தனம் இல்லை, பழக்கம்.

எஞ்சினை முதலில் ஸ்டார்ட் பண்ணியபோது கராஜின் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. சத்தத்துக்கும் வேகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் நானே செய்தது என்றால் காது கொஞ்சம் பொய் சொல்லும்.

எஞ்சினை இப்படி மாற்றினால் வாகனப் பரிசோதனையில் காட்டி அனுமதி எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் சரிபார்த்துவிடுவோம் என்று ஓட்டிப் பார்ப்பதற்குக் கராஜுக்குத் தருகிற நம்பர் பிளேட்டை மாட்டி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வால்டர், ரூத்தின் கையைப் பிடித்தபடி வந்தார். "நானும் ஏறுறன். இழுவை இருக்கோ இல்லையோ எண்டு என்ர முதுகுதான் சொல்லவேணும்," என்றார். எனக்கும் காட்டவேண்டும் போல இருந்தது. ரூத் அவரை ஏற்றிவிட, வெய்சன்ஸ்டைனுக்கே விட்டேன்.

அந்த ஏற்றம் உங்களுக்குத் தெரியும்தானே. புதுக் காரே மூச்சு வாங்கும். வளைவுகளில் வேகம் குறைந்தபோதெல்லாம் எஞ்சின் இருமியது, திணறியது, பிறகு திடீரென்று ஒரு குதி குதித்தது. வால்டர் முதுகைச் சீற்றோடு ஒட்டி வைத்திருந்தார். உச்சிக்கு வந்து நிறுத்தியதும், "சத்தம் பெரிசு. முதுகில ஒண்டும் இல்லை," என்றார்.

"கொஞ்சம் சரிப்படுத்தவேணும்," என்றேன். முகம் சூடாக இருந்தது. அவருக்கு அது தெரியாது என்பது அப்போது ஆறுதலாக இருந்தது. இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இறங்கத் தொடங்கினோம். முதல் இரண்டு வளைவிலும் பிரேக் பிடித்தது. மூன்றாவதில் மிதித்தபோது பெடல் கல்லாகிப்போயிருந்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே வளைவுக்கு அப்பால் நாலைந்து பேர் சைக்கிளில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய நிறச் சட்டைகள் எனக்கு இன்றும் ஞாபகம். கியரை ஆகக் குறைந்ததுக்கு இறக்கினேன். எஞ்சின் அலறியது. கைபிரேக்குக்குப் பதிலாக இருக்கிற அந்தச் சின்னப் பெடலை இடது காலால் அமர்த்தினேன். பள்ளத்துப் பக்கம் போகாமல், மலைப்பக்கத்துப் புல்மேட்டோடு காரை உரசவிட்டேன். முன்சில்லு ஒன்று தெருவோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிக் கார் நின்றது. சைக்கிள்காரர் எங்களைத் தாண்டி மேலே போனார்கள். அவர்களில் ஒருவர் கையை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

வால்டர் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்தபடி இருந்தார். "என்ன நடந்தது?"

"பிரேக் சூடாகிப்போச்சு," என்றேன். "பழைய கார்தானே."

பிள்ளைகளே, மலையில் கார் நிற்காமல் போனதைவிட இதுதான் என் பெரிய பிழை. எனக்குப் பாதி தெரியும். எஞ்சினைத் திறக்கும் வரைக்கும் பிடித்த பிரேக். அதில் நான் கையே வைக்கவில்லை. கை வைத்தது எஞ்சினில். அப்படியென்றால் காரணமும் நான் கை வைத்த இடத்தில்தான் இருக்கவேண்டும். இந்தக் கணக்கு எனக்கு அந்தப் புல்மேட்டில் வைத்தே ஓடியது. ஆனாலும் வாய் அதைச் சொல்லவில்லை. கண் தெரியாத ஒரு மனிதரிடம், அவர் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றிப் பொய் சொன்னேன்.

இழுவை வண்டியில் காரைக் கொண்டுவந்து இறக்கினோம். ஷெஃபிடமும் அதையே சொன்னேன். அவர் குனிந்து நாலு சில்லையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். சூடேறிய பிரேக்கின் கருகல் மணம் எங்கேயும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கத்தவில்லை. "ஷ்லீரனில உருளை மேடை வைச்சிருக்கிற ஒரு பிள்ளை இருக்கு. திங்கட்கிழமை அங்க கொண்டு போ," என்றார்.

உருளை மேடை என்றால், காரின் பின்சில்லுகளை உருளைகளில் ஏற்றி, பட்டிகளால் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு எஞ்சினின் வலுவை அளக்கிற இடம். அதை நடத்தியது என் மகளைவிட வயது குறைந்த ஒரு தமிழ்ப் பெண். இங்கேயே பிறந்தவர். தன்னுடைய பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் எழுதவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் ஆசிரியர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

காரை ஓடவிட்டார். திரையில் வலுவைக் காட்டும் கோடு கீழேயே ஊர்ந்து போய், வலது கடைசியில் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"மாமா, எஞ்சின் கத்துற இடத்தில மட்டும்தான் ஏதோ இருக்கு. மலை ஏறுற இடத்தில ஒண்டும் இல்லை. மாத்த முன்னம் எவ்வளவு இருந்தது?"

"தெரியாது பிள்ளை."

"அளக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் என்னை இளக்காரமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்: "அப்ப நீங்கள் கூட்டினியளோ குறைச்சியளோ எண்டு எப்பிடித் தெரியும்?"

நான் அதுவரைக்கும் எத்தனையோ எஞ்சின்களுக்கு வலுக் கூட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். ஒன்றைக்கூட அளந்ததில்லை.

பிறகு பிரேக் கதையைக் கேட்டார். அவரிடமும் சூடாகிப்போச்சு என்றுதான் தொடங்கினேன். அவர் உறிஞ்சலை அளக்கிற ஒரு சின்ன மானியைக் குழாயில் பொருத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். முள் ஏறவேண்டிய இடத்துக்குப் பாதிகூட ஏறவில்லை. "எஞ்சின் காத்தை உறிஞ்சிற பலத்திலதான் உங்கட பிரேக்குக்கு உதவி கிடைக்குது. இந்தக் கேம் போட்டாப் பிறகு அந்த உறிஞ்சல் இல்லை. ரெண்டு தரம் மிதிச்சால் சேத்து வைச்சது முடிஞ்சிடும். மூண்டாந்தரம் பெடல் கல்லாகும். மூண்டாவது வளைவிலயோ நடந்தது?"

"ஓம்," என்றேன்.

"கார்க்காரருக்குச் சொல்லிட்டியளோ?"

நான் குனிந்து சில்லில் கட்டிய பட்டியைக் கழற்றத் தொடங்கினேன். அவர் மானியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "இண்டைக்கே சொல்லுங்கோ மாமா. நாளைக்கு எண்டால் இன்னும் கஷ்டமாயிருக்கும்," என்றார்.

அங்கிருந்தே ஷெஃபுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார். திரும்பி வரும் வழியில் நேரே வால்டர் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேசையில் வைத்துச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் ரூத் எழுந்துவிட்டார். "அவருக்கு வளைவு தெரியாது. பள்ளம் தெரியாது. நீங்கள் சொல்லுறது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதிலயும் பொய் சொல்லிப்போட்டியள்," என்றார். "நான் உங்களை நம்பி அவரை ஏத்தி விட்டனான். கார் உங்களிட்ட இனி வேண்டாம்."

காரின் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

வால்டர் மேசையைத் தடவிச் சாவியைத் தேடி எடுத்தார். பிறகு, "நீ மூச்சை அடக்கினது எனக்குக் கேட்டது," என்றார். "பொய் சொல்லுறாய் எண்டும் தெரிஞ்சது. தொழிற்சாலையில நானும் ஒரு அச்சைப் பிழையா வெட்டிப்போட்டு, இரும்பு சரியில்லை எண்டு சொன்னனான். பிறகு போய் உண்மையைச் சொல்ல எனக்கு மூண்டு கிழமை எடுத்தது. நீ மூண்டு நாளில வந்திருக்கிறாய்." மனைவி நின்ற பக்கம் திரும்பினார். "பூட்டினவனே கழட்டட்டும், ரூத். ஆனால் அடுத்த முறை அளக்கேக்க நாங்களும் அங்க நிக்கவேணும்."

ரூத் சம்மதித்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சம்மதித்தார்.

ஜூனுக்கு மூன்று வாரம் இருந்தது. என் கையால் பூட்டியதையெல்லாம் என் கையாலேயே கழற்றினேன். முட்டைப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு டப்பெட்டையும் அதனதன் துளைக்குள் போட்டேன். அப்போதுதான் கேம் ஷாஃப்டைச் சுழற்றுகிற டைமிங் செயின் இழுபட்டுத் தொங்குவதைக் கண்டேன்; அதுவும் இழுவையைத் தின்னும். முதல் முறை கழற்றும்போதும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கும். புதுப் பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது படவில்லை. புதுச் செயின் போட்டேன். ஷ்லீரன் பிள்ளை போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இழுவையைக் கூட்டுறதுக்கு முன்னம் கார் நிக்குதோ எண்டு பாருங்கோ." பிரேக் முழுவதையும் புதுப்பித்தேன்.

நாலு பேரும் உருளை மேடையில் கூடினோம். வால்டர் முன்சில்லை மூடிய மட்காட்டில் கை வைத்து நின்றார். பிள்ளை முதல் அளவை எடுத்தார். மலை ஏறுகிற இடத்தில் கோடு முன்பைவிட உயரமாக வந்தது, ஆனால் அந்த எஞ்சினுக்கு அது போதாது. பிள்ளை டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கச் சொன்னார். பொறி விழும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப முன்தள்ளுகிற எடைகள், பழைய கிரீஸில் ஒட்டி அசையாமல் கிடந்தன. துடைத்து விட்டேன். கோடு இன்னும் ஏறியது. அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் சீற்றில் இருந்துகொண்டு அக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தார்.

"மாமா, கார்பரேட்டரைப் பாருங்கோ. முழுசாத் திறக்குதோ?"

குனிந்து பார்த்தேன். அதற்குள் காற்றுக்கு வழிவிடும் மடல் முக்கால்வாசி திறந்ததோடு நின்றது. "இல்லை."

"கையால இழுங்கோ."

கையால் இழுத்தால் முழுதாகத் திறந்தது. நான் புதுக் கார்பரேட்டர் பூட்டியபோதும் இப்படிக் கையால்தான் இழுத்துப் பார்த்தேன். பெடலை மிதித்து ஒருநாளும் பார்க்கவில்லை. நான் எடுப்பித்த அந்தப் பெரிய கார்பரேட்டரும் ஒருமுறைகூட முழுதாகத் திறந்ததில்லை.

பிள்ளை இறங்கி, முழங்காலில் நின்று பெடலுக்குக் கீழே கையை விட்டார். ஒரு கார்பெட்டை உருவி எடுத்தார். அதன் கீழே இன்னொரு தடித்த கார்பெட்.

ரூத் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அது நான் விரிச்சது. அவருக்குக் கண் போய் நான் ஓட்டத் தொடங்கினாப் பிறகு... கீழ்த்தகடு சூடாகுது, கால் சுடுது எண்டு..."

வால்டர் சிரிக்கத் தொடங்கினார். மட்காட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தார். "அஞ்சு வருசமா என்னை இழுத்துப் பிடிச்சு வைச்சது நீயோ!" ரூத்தும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்த வேகத்தில் என்னையும் ஒருமுறை பார்த்தார். அந்தச் சமையலறைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கார்பெட் இல்லாமல் ஓடவிட்டபோது கோடு ஏறிய அழகை எழுத எனக்குத் தெரியாது. நான் அமெரிக்காவில் இருந்து எடுப்பித்தவை தராத வலு, மலைக்கு வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அதன் பிறகுதான் பிள்ளை பெட்ரோலையும் பொறி நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, உண்மையிலேயே முன்பு இருந்ததைவிடக் கூட்டித்தந்தார். அதையும் ஒவ்வொரு முறை அளந்துதான். இதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த அத்தனை வருடமும், அளக்காமல் ஒரு எஞ்சினையும் திறக்கவில்லை. பிழை விட்டால், கை கழுவுவதற்கு முன்னமே போய்ச் சொல்லிவிடுவேன். இந்த இரண்டும் என் சொந்தப் புத்தி இல்லை. அந்தப் பிள்ளையிடமும், முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த ஷெஃபிடமும், சமையலறையில் எழுந்து நின்று ஏசிய ரூத்திடமும் பெற்றது. அவர்கள் அன்று என்னைத் துரத்திவிட்டிருந்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். துரத்தவில்லை. எனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. உங்களில் ஒருவர் நாளைக்குப் பிழை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது, மற்றவர்கள் அவருக்கு இப்படி வாய்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜூனில் அந்தத் திருமண நாளன்று என்னையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ரூத் ஓட்டினார், பக்கத்தில் வால்டர், பின்னால் நான். மலையடிவாரத்து ஒபர்டோர்ஃப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ரூத் மிதித்தார். கார் ஒருமுறை பின்னால் குந்தியது, பிறகு எங்கள் மூவரையும் சீற்றோடு அமர்த்திக்கொண்டு மேலே ஏறியது. வால்டர் தலையைச் சீற்றில் சாய்த்து, இரண்டு உள்ளங்கையையும் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவையும் வருவதற்கு முன்பே தலையைச் சாய்த்துக் காட்டினார். எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சாப்பிட்டு முடிந்து வெளியே வந்தோம். நான் பின்கதவு இல்லாத அந்தக் காரில் முன்சீற்றை மடித்துப் பின்னால் ஏறப் போனேன். ரூத் என் கையைப் பிடித்துச் சாவியை வைத்தார்.

"இறக்கத்தை நீங்கள் ஓட்டுங்கோ," என்றார்.

"நானோ?"

"ஓம். அவரைப் பக்கத்தில வைச்சு."

ரூத் பின்னால் ஏறி இருந்தார். நான் புறப்படுவதற்கு முன் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தேன். பெடல் இளக்கமாக இறங்கி, சரியான இடத்தில் பிடித்தது. சின்னக் கியரில் விட்டு, ஒவ்வொரு வளைவாக, வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை என்கிற மாதிரி இறக்கினேன். கடைசி வளைவும் முடிந்து, ஊர் வீடுகள் தெரியத் தொடங்கியபோது, எப்படி இருந்தது என்று கேட்க வால்டர் பக்கம் திரும்பினேன்.

ரூத் பின்னால் இருந்து என் தோளைத் தொட்டார்.

"எழுப்பாதேங்கோ," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார். "நித்திரையாப் போனார்."